கொட்டியாரத்து நீரும் மாறிய ஊர்களும்

1660ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது கொட்டியாரத்தில். திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, மகாவலி கடலில் கலக்கும் இப்பற்றை, வரலாறு எழுதியோர் பெரும்பாலும் கப்பலில் நின்றே பார்த்தனர். வயல்வரம்பில் நின்று பார்த்தால் தெரிவது வேறொரு வரலாறு.

மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று ஆகிய பகுதிகளின் பழைய வாழ்வு மழையை நம்பிய பெரும்போக நெல்லும் சேனைப்பயிரும் மாடுகளுமாகவே இருந்தது. மழை பொய்த்தால் காடும் கடலும் கைகொடுத்தன. 1950களில் அல்லைக் குடியேற்றத் திட்டம் வந்தது. வெருகலாற்று நீர் மாவிலாற்று அணைக்கட்டின் வழியே வாய்க்கால்களில் பாய்ந்தது, சிறுபோகமும் கைகூடிற்று. நன்மையை மறைப்பதற்கில்லை: உள்ளூர்த் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் காணிகள் கிடைத்தன. ஆனால் பிற மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்களும் பெருமளவில் குடியமர்த்தப்பட்டன. கந்தளாயிலும் இதுவே நடந்தது. 1881இல் மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கு வீதமாயிருந்த சிங்களவர் 1981இல் மூன்றில் ஒரு பங்கினராயினர். 1976 எல்லை மீள்நிர்ணயத்தில் சேருவில என்ற புதிய தேர்தல் தொகுதியும் பிறந்தது. வாய்க்கால் வெட்டியபோதே வாக்காளர் இடாப்பும் திருத்தி எழுதப்பட்டது என்பேன்.

நீரை நம்பிய உழவு, நீரின் கதவை வைத்திருப்பவரையும் நம்பவேண்டியதாயிற்று. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்த மாவிலாற்று மதகு மூடப்பட்டது. கீழே ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்கள். மூவினத்தாரும் அவற்றின் உழவர். தமிழ்க் கிராமங்களின் குடிநீர்க் கோரிக்கையும் அப்பிணக்கில் இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். தண்ணீர்ப் பிணக்கு விமானக் குண்டுவீச்சாகி, மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓட, மூதூர் கிழக்குத் தமிழர் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடினர். ஆகஸ்டில் மதகு திறந்தது, போர் மூடவில்லை.

சம்பூராரின் கதை இன்னும் நீண்டது. 2007இல் அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வயலும் மாடும் வைத்திருந்தவர்கள் முகாம்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றனர். அவ்வூரில் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டு, பின்னர் 2016இல் கைவிடப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட, மக்கள் திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் தம் தகப்பனார் உழுது கண்டதில்லை.