துறைமுகம் தந்த பாடம்

சென்னை மாநகரின் பழைய வணிகத் தெருக்களைத் தன்னகத்தே கொண்டது துறைமுகம் சட்டமன்றத் தொகுதி. மண்ணடியில் முஸ்லிம் வணிகர், சவுகார்பேட்டையில் வடபுலத்து வணிகர், அவர்களை அடுத்துத் துறைமுக உழைப்பாளர் எனப் பல திறத்தார் வாழும் இத்தொகுதியில், எந்தவொரு சமூகமும் தனித்து நின்று முடிவை எழுதிவிட இயலாது.

1989இல் கலைஞர் கருணாநிதி இங்கே பெரும் வித்தியாசத்தில் வாகை சூடினார். இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறிற்று. ராஜீவ் காந்தி படுகொலையை அடுத்து எழுந்த அனுதாப அலையில், 1991இல் அவர் 890 வாக்குகளிலேயே கரையேறினார். 2006இல் பேராசிரியர் அன்பழகன் பெற்ற வித்தியாசமோ 410 தான்.

மண்ணடியின் ஓரிரு தெருக்களிலேயே இத்தனை வாக்குகள் அடங்கிவிடும். வாக்குரிமை ஓர் அமானிதம். ‘என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?’ என்று வீட்டில் தங்கிவிடுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பார்களாக!