20 வெற்றி, 134 தோல்வி: ஒரு டீமை முதலாளியே கொன்ற கதை

பேஸ்பால் பற்றி எழுதினால் எத்தனை பேர் படிப்பீங்கன்னு தெரியலை. ஆனா இது பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு மட்டுமான கதை இல்லை. ஒரு விளையாட்டு டீம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விதான் இதன் மையம். காசு போட்டவனுக்கா, ஆடுகிறவனுக்கா, வெயிலில் உட்கார்ந்து கத்துகிறவனுக்கா? 1899-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. கொஞ்சம் கொடூரமான பதில்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் ஆடிய ஆட்டங்கள் 154. ஜெயித்தது 20, தோற்றது 134. இன்றைக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் நடக்கின்றன. அப்படியும் இந்தத் தோல்விக் கணக்கை யாரும் நெருங்கவில்லை. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றது, 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்றது. இரண்டுமே பெரிய செய்தி ஆயின. ஸ்பைடர்ஸ் அவர்களைவிடக் குறைவான ஆட்டங்கள் ஆடி, கூடுதலாகத் தோற்றவர்கள்.

"அவ்வளவு மட்டமான டீமா?" என்று கேட்கலாம். இல்லை என்பதுதான் விஷயமே.

நல்லா ஆடிக்கிட்டிருந்த டீம்

1890-களில் ஸ்பைடர்ஸ் மதிப்பான டீம். ஒல்லியும் நெட்டையுமாக ஆட்டக்காரர்கள் இருந்ததால் சிலந்தி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1895-ல் பால்டிமோரைத் தோற்கடித்து டெம்பிள் கோப்பையை வென்றார்கள். 1898-ல் 81 வெற்றி, 68 தோல்வி, பன்னிரண்டு டீம் கொண்ட நேஷனல் லீகில் ஐந்தாம் இடம்.

அந்த டீமில் சை யங் இருந்தார். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: பிட்சர் என்பவர் பந்து வீசுகிறவர், ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரில் எழுதப்படும். சை யங் பெயரில் மொத்தம் 511 வெற்றிகள் இருக்கின்றன. இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. 1956-லிருந்து சிறந்த பிட்சருக்குக் கொடுக்கப்படும் விருதே அவர் பெயரில்தான். கூடவே ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் என்று இன்னும் இரண்டு பெரிய கைகள். மேனேஜராக பேட்ஸி டிபோ.

டீமின் உரிமையாளர்கள் ராபிசன் சகோதரர்கள், ஃபிராங்க்கும் ஸ்டான்லியும். ஃபிராங்க் ராபிசனுக்கு டிராம் வண்டித் தொழில். 1891-ல் அவர் கட்டிய லீக் பார்க் மைதானம் அவருடைய டிராம் தடத்திலேயே இருந்தது. ஆட்டம் பார்க்க வருகிறவன் டிராமுக்கும் காசு கொடுப்பான், டிக்கெட்டுக்கும் காசு கொடுப்பான். நல்ல வியாபார மூளைதான்.

கூட்டம் வரலை

ஆனா கூட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை. இங்கே ராபிசனுடைய தரப்பையும் சொல்லியாகணும். டீம் நன்றாக ஆடியும் டிக்கெட் விற்கவில்லை. தொழிலாளிகள் நிறைந்த ஊர் அது. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டு நடத்த அங்கே சட்டம் அனுமதிக்கவில்லை. மதகுருமார்களின் எதிர்ப்பும் பலமாக இருந்தது. 1897 மே மாதம் ராபிசன் துணிந்து ஒரு ஞாயிறு ஆட்டத்தை நடத்திப் பார்த்தார். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் போலீஸ் உள்ளே வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்தது.

1898-ல் நிலைமை இன்னும் மோசம். சொந்த ஊரில் நடக்க வேண்டிய பல ஆட்டங்களை ராபிசன் வெளியூர்களுக்கு மாற்றினார். கூட்டம் இல்லை என்று ஆட்டத்தை வெளியூருக்குக் கொண்டுபோனார், ஆட்டம் ஊரில் நடக்காததால் இருந்த கூட்டமும் கழன்றது. எது முதலில், எது அடுத்தது என்று பிரிக்க முடியாத சிக்கல் இது.

ஒரே முதலாளி, ரெண்டு டீம்

இந்த நேரத்தில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் டீம் கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தது. அதன் உரிமையாளர் கிறிஸ் வான் டெர் ஆஹே ஒரு காலத்தில் பீரும் பேஸ்பாலும் விற்றுப் பணத்தில் புரண்டவர். கடைசியில் டீம் ஏலத்துக்கு வந்தது. 1899 தொடக்கத்தில் அது ராபிசன்கள் கைக்குப் போனது.

செயின்ட் லூயிஸ் பெரிய ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தடை இல்லை. ராபிசனுக்கு அது போதும்.

இப்போது ஒரே முதலாளியிடம் ஒரே லீகில் ரெண்டு டீம். இது அன்றைக்கு விதிமீறல் இல்லை, வழக்கமே. புரூக்ளினும் பால்டிமோரும் ஒரே கூட்டாளிகளிடம் இருந்தன. பால்டிமோரின் நல்ல ஆட்டக்காரர்கள் புரூக்ளினுக்குப் போனார்கள். ஆனா ராபிசன்கள் செய்த அளவுக்கு யாரும் செய்யவில்லை. சை யங், பர்கெட், வாலஸ், மேனேஜர் டிபோ என்று கிளீவ்லேண்டின் சாரம் முழுவதும் செயின்ட் லூயிஸுக்கு மாற்றப்பட்டது. பதிலுக்கு அங்கே வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் கிளீவ்லேண்டுக்கு வந்தார்கள். செயின்ட் லூயிஸ் டீமுக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: பெர்ஃபெக்டோஸ். குறையே இல்லாதவர்கள் என்று அர்த்தம்! மிச்சமிருந்த கிளீவ்லேண்ட் டீமை, சர்க்கஸ் கூடாரத்துக்கு வெளியே நடக்கிற சில்லறை வேடிக்கை மாதிரி நடத்தப்போவதாக ஸ்டான்லி ராபிசன் வெளிப்படையாகவே சொன்னார்.

சீசனின் முதல் ஆட்டம் ஏப்ரல் 15. யாருக்கும் யாருக்கும் தெரியுமா? செயின்ட் லூயிஸில், கிளீவ்லேண்டும் செயின்ட் லூயிஸும். போன வருஷம் வரை கிளீவ்லேண்டுக்காக வீசிய சை யங், இப்போது கிளீவ்லேண்டுக்கு எதிராக வீசினார். 10–1 என்று ஸ்பைடர்ஸ் தோற்றது.

ஊர் ஊராகத் தோற்றவர்கள்

லேவ் கிராஸ் என்ற நல்ல ஆட்டக்காரர்தான் முதலில் மேனேஜர். அவர் பொறுப்பில் 38 ஆட்டம், 8 வெற்றி. அந்தக் குப்பையிலும் அவர் நன்றாக ஆடினார். அதற்குக் கிடைத்த பலன்? ஜூனில் அவரையும் செயின்ட் லூயிஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். வில்லி சட்ஹாஃப் என்ற பிட்சரும் அதே மாதிரி திரும்பி அழைக்கப்பட்டார். யோசித்துப் பாருங்கள், இந்த டீமில் ஒருத்தன் நன்றாக ஆடினால் டீமுக்கு நஷ்டம். அவனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்த மேனேஜர் ஜோ குவின். ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்த உயர்மட்ட லீகில் ஆடிய முதல் ஆள். இவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. செயின்ட் லூயிஸில் இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கிற தொழில். நான் கதைக்காகச் சேர்க்கலைங்க, நிஜம்தான். அவர் பொறுப்பில் 116 ஆட்டம். 12 வெற்றி, 104 தோல்வி.

கிளீவ்லேண்ட் மக்கள் என்ன செய்தார்கள்? வரவில்லை. சீசன் முழுவதும் உள்ளூரில் நடந்தது 42 ஆட்டம், வந்தவர்கள் மொத்தம் 6,088 பேர். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 145. நம்ம ஊர் கல்யாணத்தில் இரண்டாவது பந்திக்கே இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். அதே வருஷம் செயின்ட் லூயிஸுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் கூட்டம்.

வருகிற டீமுக்கும் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு உண்டு. 145 பேர் கொடுத்த காசில் பங்கு போட்டால் ரயில் செலவுக்கும் ஹோட்டல் செலவுக்கும் காணாது. அதனால் மற்ற டீம்கள் கிளீவ்லேண்டுக்கு வரத் தயங்கின. ஸ்பைடர்ஸ்தான் ஊர் ஊராகப் போக வேண்டியதாயிற்று. வெளியூரில் 112 ஆட்டம். அதில் 101 தோல்வி. இது நிச்சயமாக முறியடிக்க முடியாத சாதனை, ஏன்னா இப்போது ஒரு டீம் வெளியூரில் ஆடுவதே சுமார் 81 ஆட்டம்தான். பத்திரிகைகள் அவர்களை நாடோடிகள், நாடுகடத்தப்பட்டவர்கள், ஒதுக்கப்பட்டவர்கள் என்றெல்லாம் அழைத்தன.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுவரை தொடர்ந்து 24 தோல்வி. கடைசி 41 ஆட்டத்தில் 40 தோல்வி. ஜிம் ஹ்யூயி என்ற பிட்சர் பெயரில் 4 வெற்றி, 30 தோல்வி. ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்ற கடைசி பிட்சர் அவர்தான். முதலிடம் பிடித்த புரூக்ளினைவிட 84 ஆட்டம் பின்னால். அதைக்கூட விடுங்கள், தங்களுக்கு நேர் மேலே பதினோராம் இடத்தில் இருந்த வாஷிங்டனைவிட 35 ஆட்டம் பின்னால்.

அக்டோபர் 15, சின்சினாட்டி. சீசனின் கடைசி நாள், ரெண்டு ஆட்டம். முதலாவதில் தோற்றாயிற்று. இரண்டாவதில் பந்து வீச இறக்கப்பட்டவர் எட்டி கோல்ப், ஹோட்டலில் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த பையன். 19–3 என்று தோல்வி. ஸ்பைடர்ஸ் என்ற டீமின் கடைசி ஆட்டம் அதுதான்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரலை. கோமாளித்தனமாகத் தெரிந்தாலும், மற்ற 153 ஆட்டங்களிலும் யாரோ ஒன்பது பேர் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே களத்தில் இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அன்றைய ஒப்பந்த முறையில் ஆட்டக்காரன் தன் இஷ்டத்துக்கு வேறு டீமுக்குப் போகவும் முடியாது. முதலாளி மாற்றினால் போகலாம், மாற்றாவிட்டால் இருக்க வேண்டியதுதான். 134 தோல்வியும் பதிவேட்டில் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, ராபிசன் பெயரில் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

இவ்வளவு செய்தும் பெர்ஃபெக்டோஸ் சாம்பியன் ஆனார்களா என்றால், இல்லை. 84 வெற்றி, 67 தோல்வி, ஐந்தாம் இடம். முந்தின வருஷம் இதே ஆட்கள் கிளீவ்லேண்டில் பிடித்த அதே ஐந்தாம் இடம்! ஒரு நகரத்தின் டீமையே பலி கொடுத்து வாங்கியது ஒரு படிகூட உயரவில்லை. ஆனா கல்லாப்பெட்டி நிறைந்தது. ராபிசனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். அந்த செயின்ட் லூயிஸ் டீம் அடுத்த வருஷம் கார்டினல்ஸ் ஆனது, இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

1899 முடிந்ததும் நேஷனல் லீக் பன்னிரண்டு டீமை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லேண்ட், பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில் நாலும் நீக்கப்பட்டன. லாபம் இல்லாத ஊர்களைக் கழித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். பான் ஜான்சன் என்பவர் இதை வேறு மாதிரி பார்த்தார்: மைதானம் இருக்கிறது, ரசிகன் இருக்கிறான், டீம் மட்டும் இல்லை. 1900-ல் அவர் தன் அமெரிக்கன் லீகின் ஒரு டீமைக் கிளீவ்லேண்டில் இறக்கினார். 1901-ல் அந்த லீக் தன்னை நேஷனல் லீகுக்குச் சமமான லீக் என்று அறிவித்துக்கொண்டு, வாஷிங்டனிலும் பால்டிமோரிலும் கால் ஊன்றியது. அதாவது, நேஷனல் லீக் கைவிட்ட ஊர்கள்தான் அதன் போட்டியாளருக்கு அஸ்திவாரம். அந்த 1901-ல் சை யங்கும் செயின்ட் லூயிஸை விட்டு அமெரிக்கன் லீகின் பாஸ்டன் டீமுக்குப் போய்விட்டார்.

கிளீவ்லேண்டின் புது டீம் ஆடியது அதே லீக் பார்க்கில். ராபிசன் சொன்ன மாதிரி அது பேஸ்பால் பிடிக்காத ஊர் இல்லை. அந்த டீம்தான் இன்றைய கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ். சமீபத்தில் பழைய பெயரை மாற்ற முடிவு செய்தபோது, ஸ்பைடர்ஸ் என்றே வைக்கலாம் என்று ரசிகர்களில் கணிசமான பேர் கேட்டார்கள். 134 தோல்வி கண்ட பெயரை நூற்றிருபது வருஷம் கழித்து ஒரு ஊர் திருப்பிக் கேட்கிறது.

ஒரே ஆளிடம் ஒரே லீகில் ரெண்டு டீம் இருக்கக்கூடாது என்ற விதி பேஸ்பாலில் பின்னால் வந்தது. ஒரு விதியைப் பார்க்கும்போது, இதை யார் கெடுத்ததால் எழுதினார்கள் என்று தேடினால் பல நேரம் இந்த மாதிரி ஒரு கதை கிடைக்கும்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். டீம் யாருக்குச் சொந்தம்? பத்திரப்படி ராபிசனுக்குத்தான். ஆட்டக்காரர்களைப் பெட்டியில் போட்டு இன்னொரு ஊருக்கு அனுப்ப அவருக்கு உரிமை இருந்தது. ஆனா பார்க்க வருகிறவனை அனுப்ப முடியவில்லை. கிளீவ்லேண்ட்காரன் ரயிலேறி செயின்ட் லூயிஸுக்குப் போய்ச் சை யங்குக்குக் கை தட்டவில்லை. உள்ளூரில் பேருக்கு ஆடிய டீமுக்கும் கை தட்டவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். அந்த 6,088 என்ற எண்ணை நான் ஒரு தோல்விக் கணக்காகப் பார்க்கலை. ஒரு ஊர் கொடுத்த பதிலாகத்தான் பார்க்கிறேன்.