மஞ்சள் உப்புமாவும் அம்மாவின் தாளிப்பும்



போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உப்புமாவைக் கேலி செய்து ஒரு மீம் வந்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். வீட்டுக்காரருக்கு வேலை போய் மூன்று மாதமாம். "வாரத்துக்கு நாலு நாள் உப்புமாதான் டீச்சர். தட்டை வைக்கும்போது பிள்ளைங்க முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்கு" என்றாள். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். வரலாறு நடத்த ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் கோதுமைக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. அரிசி, அது வாங்க முடியாத வீட்டில் கம்பு, சோளம், கேழ்வரகு. பர்மாவிலிருந்து கப்பலில் அரிசி வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அது நின்றுபோனது. பிறகு ரேஷன் வந்தது, அரிசி தின்று பழகியவர்கள் கைக்குக் கோதுமை வந்தது. ரவை இட்லியே அந்த யுத்த காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் அடுப்படியில் பிறந்ததுதான் என்று பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டவர்களுக்குப் பதின்மூன்று வருஷத்தில் மறுபடியும் சோதனை.

1965, 1966 இரண்டு வருஷமும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. நடுவில் பாகிஸ்தானோடு யுத்தம் வேறு. பிரதமர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை எல்லோரும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அமெரிக்காவில் 1954-இல் போட்ட பி.எல். 480 என்ற சட்டத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1966-இல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன். இங்கே ஒரு மாவட்டத்து அரிசியை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகத் தடை. தஞ்சாவூரில் நெல் விளைந்தாலும் திண்டுக்கல்லில் இருந்த எங்களுக்கு அது கனவுதான்.

அப்போது எனக்கு ஏழு வயது. ரேஷனில் வந்த கோதுமை செக்கச்செவேலென்று, கல்லும் தூசியுமாக இருக்கும். "இது மனுசன் திங்கிறதா, மாடு திங்கிறதா?" என்று அப்பத்தா முகத்தைச் சுளிக்கும். அம்மா முதலில் அதைச் சோறு மாதிரி வேகவைத்துப் பார்த்தாள். யாருக்கும் இறங்கவில்லை. அப்புறம் லேசாக வறுத்து, திருகையில் உடைத்து, சலிக்க ஆரம்பித்தாள். பெரிய குருணை உப்புமாவுக்கு. கீழே விழுந்த மாவில் புளித்த மோர் விட்டு, சீரகமும் முருங்கைக்கீரையும் போட்டு தோசை. தவிடு பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும், அங்கிருந்து ஒரு செம்பு மோர் வரும். அந்த மோர்தான் மறுநாள் தோசைக்கு!

எண்ணெய்யை ஊற்றிப் பார்த்ததே இல்லை. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பாள். பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. கொள்ளை வேகவைத்தால் தண்ணீர் ரசம், பயறு சுண்டல். ஒன்றை வைத்து இரண்டு பதார்த்தம் செய்வது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

பள்ளிக்கூடத்தில் காமராசர் காலத்து மதிய உணவு இருந்தது. 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு கொடுத்த பால் பவுடரும் மக்காச்சோள மாவும் அதில் சேர்ந்திருந்தன. அந்த மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமாவை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. நான் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொள்வேன். சமைக்கிற ஆயா பார்ப்பார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். வீட்டில் அம்மா அதற்குக் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை முருங்கைக்கீரையைப் போட்டுப் புரட்டுவாள். அரைச் சட்டி முக்கால் சட்டியாகிவிடும். அப்பத்தா, அப்பா, தம்பிகள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பங்கு. "எனக்கு உப்புமாவே பிடிக்காதுடி" என்பாள் அம்மா. நான் நம்பினேன்.

1967 தேர்தலில் பேச்சு முழுக்க அரிசிதான். ஜெயித்து வந்த அண்ணா அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்தது. எங்கள் ஊருக்கு எட்டவில்லை. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 என்று புது நெல் ரகங்கள் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு திரும்பியது.

'அந்தக் காலத்துச் சாப்பாடு எவ்வளவு ஆரோக்கியம்' என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீரையும் கொள்ளும் நல்லவைதான். ஆனால் அந்த அடுப்படியில் கடைசியாகச் சாப்பிட்டவளுக்கு அது ஆரோக்கியமாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

1981-இல் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் நெய்யும் முந்திரிப் பருப்பும் வாங்கி வந்து, விளையாட்டாக ரவை உப்புமா கிண்டினேன். அம்மா முதலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டை வழித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் இருக்கா?" என்றாள். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பதினைந்து வருஷம் பிடிக்காது என்று சொன்னவள்.

என் மகளே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். மழை பொய்த்ததும் கப்பல் நின்றதும் என் அம்மாவின் குற்றம் இல்லை. உன் வீட்டில் சம்பளம் நின்றது உன் குற்றமும் இல்லை. பிறகு உனக்கு என்ன வெட்கம்? தட்டை வைக்கும்போது பிள்ளைகள் முகத்தை நன்றாகப் பார். உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்.

ஒரு டம்ளர் கோதுமைக் குருணையை வாசம் வரும்வரை வறுத்து, இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்று. கீரையைக் கடைசியில் போடு, முதலிலேயே போட்டால் கறுத்துவிடும். என் வீட்டுக் கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, ஒடித்துக்கொண்டு போகலாம்.