கை ரிக்‌ஷாவிலிருந்து பேட்டரி வண்டிக்கு



பேட்டரி ஆட்டோ என்றால் எல்லோரும் விலையையும் சார்ஜையும்தான் பேசுகிறார்கள். வரலாறு நடத்தியவன் நான், 1973-லிருந்துதான் தொடங்குவேன். அந்த ஆண்டு கலைஞர் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. மனிதனை மனிதன் இழுப்பது நின்றது பெரிய செய்திதான். அதற்குச் சமமாக எனக்குப் படுவது, இழுத்தவருக்கே சைக்கிள் ரிக்‌ஷாவை இலவசமாகக் கொடுத்தது. வண்டி மாறியது, பிழைப்பு போகவில்லை.

டெல்லியில் நடந்தது வேறு. ரிக்‌ஷா மிதித்தவர்களில் பலர் தாங்களாகவே பேட்டரி ரிக்‌ஷாவுக்கு மாறினார்கள். முறையான பதிவு இல்லை, உரிமம் இல்லை. 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகுதான் விதிகள் வந்தன: நான்கு பயணிகள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தி உரிமம் பெறுவதை எளிதாக்கினார்கள். 25 போதுமா என்று கேட்காதீர்கள். நம் தேரடி வீதியில் அதற்கு மேல் யார் போய்விட முடியும்?

நம் பக்கமும் சும்மா இல்லை. 2008-ல் ஹேமலதா அண்ணாமலை கோவையில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனத்துக்கு, 2021-ல் நம் பழைய வடாற்காட்டு ராணிப்பேட்டையிலேயே ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பேட்டரி வண்டிக்கு அளவெடுத்தது போன்ற தூரம். நடக்க முடியாத பெரியவர்களும் சுற்றி வரலாம். அங்கே அரசு இவற்றை விடுவதென்றால், முதல் வண்டிகள் இன்று நம் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் கைக்கே போக வேண்டும். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஸ்டாண்டில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்களப்பா.