மாடி இல்லாத வீட்டுக்கும் சூரிய மின்சாரம் சாத்தியமா? காளஹஸ்தி போன்ற நகரங்களில் தெருவளவில் மின்சாரத்தைப் பகிர்வது எப்படி?

காளஹஸ்தி (ஆந்திரப் பிரதேசம்): வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்தினால் மின்கட்டணம் குறையும் என்பது இன்று பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால், அந்தப் பயனைப் பெற முதலில் ஒரு மாடி வேண்டும். வாடகை வீட்டில் வசிப்போர், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருப்போர், ஓட்டு வீடுகளில் வாழ்வோர், பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் சிக்கிய சிறு வீட்டுக்காரர்கள் ஆகியோருக்கு அரசு மானியம் இருந்தும் தகடுகளை வைக்க இடமில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, ஒரு தெரு அல்லது ஒரு வார்டு அளவில் மின்சாரத்தைக் கூட்டாக உற்பத்தி செய்து பகிர்ந்துகொள்ளும் முறை உலகின் பல நகரங்களில் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

திருப்பதி மாவட்டத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ள காளஹஸ்தி, தமிழர்கள் திருக்காளத்தி என்று அறிந்த வாயுத் தலம். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 80,000. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின்பகிர்மான நிறுவனம் இங்கு மின்விநியோகம் செய்கிறது. கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களும், பக்தர்களை நம்பிய விடுதிகளும் கடைகளும், கலம்காரி ஓவியத் துணி தயாரிக்கும் கைவினைஞர் குடும்பங்களும் நெருங்கி வாழும் ஊர் என்பதால், பகிர்வு மின்சாரத்தின் வாய்ப்பையும் சிக்கலையும் ஒருசேரப் புரிந்துகொள்ள இது ஏற்ற இடம்.

கைலாசகிரி நீர்த்தேக்கம் காட்டும் வழி

மின்சாரம் உற்பத்தியாகும் இடமும் அது கணக்கில் சேரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, காளஹஸ்தி வட்டாரத்திலேயே ஒரு சான்று உள்ளது. திருப்பதி நகருக்குக் குடிநீர் வழங்கும் கைலாசகிரி நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பில், 6 மெகாவாட் திறன் கொண்ட மிதக்கும் சூரிய மின்நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. 2016 செப்டம்பரில் திறன்மிகு நகரங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்ட திருப்பதி, அந்தத் திட்டத்தின் கீழ் இதை நிறைவேற்றியது. குடிநீரை ஏற்றி அனுப்பும் மோட்டார்களுக்கான மின்செலவைக் குறைப்பதே இதன் நோக்கம். நீரின் மீது தகடுகள் மிதப்பதால் நிலம் தேவைப்படுவதில்லை. அவை மூடியிருக்கும் பரப்பில் நீர் ஆவியாவதும் குறைகிறது.

ஒரு கிலோவாட் தகடு இப்பகுதியின் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும் என்ற பொதுவான கணக்கை வைத்தால், 6 மெகாவாட் நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 24,000 யூனிட் எதிர்பார்க்கலாம். மாநகராட்சி செய்த இதே காரியத்தை ஒரு தெருவில் உள்ள 40 குடும்பங்களும் சிறிய அளவில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சுமார் ₹1.55 கோடியில் 350 கிலோவாட் திறன் கொண்ட காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. காற்று நன்றாக வீசும் வேறோர் இடத்தில் அது நிறுவப்பட்டது. உற்பத்தியான மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் சேர, ஊராட்சியின் தேவை போக எஞ்சியது விற்பனையானது. வங்கிக் கடன் பெற்று ஓர் ஊராட்சி இதைச் செய்தது என்பது இன்றும் வியப்புக்குரியது.

பகிர்வின் உயிர்நாடி அளவீடு

மாடித் தகடுகளுக்கு வழக்கமாகப் பின்பற்றப்படுவது நிகர அளவீடு. வீட்டிலிருந்து மின்கட்டமைப்புக்குச் சென்ற யூனிட்டுகளும் அங்கிருந்து வீடு பெற்ற யூனிட்டுகளும் ஒரே மீட்டரில் கழிக்கப்பட்டு, மீதிக்கு மட்டும் கட்டணம் விதிக்கப்படும். பகிர்வுக்கு இது போதாது.

குழு நிகர அளவீட்டில், ஒரே உரிமையாளரின் பல இணைப்புகளுக்கு ஓரிடத்து உற்பத்தி கணக்கு வைக்கப்படும். ஒரு நகராட்சி தன் பள்ளிக் கட்டடத்தின் மேல் தகடு பொருத்தி, தெருவிளக்கு, நீரேற்று மோட்டார், அலுவலகம் ஆகிய மூன்றின் கட்டணத்தையும் குறைத்துக்கொள்ளலாம். மெய்நிகர் நிகர அளவீடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு மின்நிலையத்தின் உற்பத்தி, வெவ்வேறு நுகர்வோரின் கட்டணச் சீட்டுகளில் முன்பே ஒப்புக்கொண்ட விகிதப்படி வரவு வைக்கப்படும். தகடு பொதுக் கட்டடத்தின் மாடியில் இருக்கும். பயன் வாடகை வீட்டின் மீட்டரில் தெரியும். வீட்டை மாற்றினாலும், அதே மின்நிறுவனத்தின் எல்லைக்குள் இருந்தால், விதிகள் இடம் தரும்போது பங்கையும் உடன் கொண்டுசெல்லலாம். வாடகைதாரரைச் சூரிய மின்சாரத்தின் பங்காளியாக்கும் கருவி இதுதான்.

மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், இந்த அளவீட்டு விதிகளை ஒவ்வொரு மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையமும் தனித்தனியே வகுக்கின்றன. தில்லி ஆணையம் 2019-லேயே குழு அளவீட்டுக்கும் மெய்நிகர் அளவீட்டுக்கும் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தில்லி சூரிய மின்கொள்கை, மாடியில்லாதோர் பலர் கூடி ஒரு நிலையத்தில் பங்கு பெறும் சமூக சூரிய மின்திட்டத்துக்கும் இடம் தந்துள்ளது.

திட்டத்தின் அலகு மின்மாற்றி

தெருவளவில் திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது வார்டு வரைபடத்தை அன்று, தெருமுனை மின்மாற்றியை. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் வரும் வீடுகளும் கடைகளும்தான் மின்சாரத்தின் பார்வையில் அக்கம்பக்கத்தார்.

நடுப்பகலில் வீடுகளில் ஆளில்லாதபோது தகடுகள் முழுவீச்சில் உற்பத்தி செய்யும். அந்த மின்சாரத்தை அருகில் பயன்படுத்த யாரும் இல்லையெனில், அது மின்மாற்றியை நோக்கித் திரும்பி ஓடும்; கம்பியில் மின்னழுத்தம் உயரும். 230 வோல்ட் என்ற இயல்பு அளவிலிருந்து அனுமதித்த வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். இதில் பெரும்பாலும் பாதிக்கப்படுவோர் கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டினர். வெயில் கொளுத்தும் நேரத்தில் அவர்களின் தகடு மட்டும் வேலை செய்யாது. ஒவ்வொருவரும் தனித்தனியே பொருத்திக்கொண்டே போனால் இந்தச் சிக்கல் வளரும். தெருவின் மொத்தக் கொள்ளளவை முன்கூட்டியே கணக்கிட்டால் பெருமளவு தவிர்க்கலாம்.

மின்தடையின்போதும் சூரிய மின்சாரம் கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். கட்டமைப்புடன் இணைந்த சாதாரண அமைப்பில் அது நடவாது. கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்க, மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் நிற்கும்படியே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. தடை நேரத்திலும் விளக்கெரிய வேண்டுமெனில் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. தெற்கு தில்லியின் கிலோகரியில் மின்பகிர்மான மட்டத்தில் 20 மெகாவாட் திறனும் 40 மெகாவாட்-மணி சேமிப்பும் கொண்ட பேட்டரி நிலையம் 2025-இல் செயல்பாட்டுக்கு வந்தது. குஜராத்தில் சூரியனார் கோயிலுக்குப் பெயர் பெற்ற மோதேராவில், 6 மெகாவாட் தரைமட்ட மின்நிலையம், 15 மெகாவாட்-மணி பேட்டரி, 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளில் 1 கிலோவாட் மாடித் தகடுகள் என மூன்றையும் இணைத்தே, 2022 அக்டோபரில் அதை இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஊர் என்று அறிவித்தனர்.

காளஹஸ்தியின் பகலும் இரவும்

பகிர்வு மின்சாரம் பலன் தர, பகலில் மின்சாரம் செலவழிப்போரும் இரவில் செலவழிப்போரும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும். குடியிருப்புகள் மட்டுமே உள்ள புறநகரில் இது கடினம். காளஹஸ்தியில் நிலைமை வேறு. ராகு-கேது பரிகார பூஜைக்காகக் காலை முதல் மாலை வரை பக்தர்கள் வருவதால் விடுதிகளின் குளிர்சாதனங்களும் உணவகங்களும் கடைகளும் பகலில்தான் அதிகம் இயங்குகின்றன. வீடுகளின் தேவை மாலையில் கூடுகிறது. ஒரு தெருவின் பகல் மிகுதியை அடுத்த தெருவின் விடுதி பயன்படுத்தினால், மின்சாரம் தொலைவு செல்லாமலே செலவாகும். கோயில் நகரங்களுக்கு இயல்பாக அமைந்த இந்த வசதியைத் திட்டமிடுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

இடம்தான் இங்குப் பெரிய சிக்கல். ஒரு கிலோவாட்டுக்கு நிழலற்ற சுமார் 10 சதுர மீட்டர் பரப்பு தேவை. மாதம் 120 யூனிட் செலவழிக்கும் 40 வீடுகளுக்கு 40 கிலோவாட், அதாவது 400 சதுர மீட்டர் வேண்டும். பழைய தெருக்களின் மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் வற்றல் காயும் பாயும் ஏற்கெனவே இடம் பிடித்துள்ளன. கலம்காரித் துணியை அலசி வெயிலில் உலர்த்தும் குடும்பங்களுக்கு அந்த வெயில் தொழில் மூலதனமும் ஆகும். கோயிலையொட்டிய பகுதிகளில் கோபுரத் தோற்றத்தை மறைக்கும் கட்டுமானத்தை யாரும் விரும்பார். ஆகவே பள்ளிகள், பேருந்து நிலையம், சந்தை, நகராட்சிக் கட்டடங்கள், வாகன நிறுத்துமிடங்களின் கூரைகளே பொது மின்நிலையங்களுக்குப் பொருத்தமானவை. ஆற்றோரப் புறம்போக்கு நிலம் எளிதாகத் தோன்றினாலும், 2021 நவம்பரில் சுவர்ணமுகியில் பெருக்கெடுத்த வெள்ளத்தை மறந்துவிட முடியாது.

கிரகண நேரத்திலும் நடை சாத்தாத கோயில் என்று பெயர் பெற்ற ஊர் இது. மின்தகடுகளுக்கு அந்த வழக்கம் பொருந்தாது; கிரகணத்தில் உற்பத்தி சரியும். எனினும் அது சில மணி நேரச் செய்தி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாள் தொடரும் மேகமூட்டமே திட்டத்தில் கணக்கிட வேண்டிய இழப்பு. அதனால்தான் 12 மாத மின்கட்டணச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்க்காமல் கொள்ளளவை முடிவு செய்யக்கூடாது.

யாருக்கு எவ்வளவு மானியம்?

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்துக்கு ₹75,021 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. தனி வீட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு ₹30,000, 2 கிலோவாட்டுக்கு ₹60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ₹78,000 மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாடுகளுக்குக் கிலோவாட்டுக்கு ₹18,000. ஆந்திர அரசு, பட்டியல் சாதி மற்றும் பழங்குடிக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாகவும், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குக் கூடுதலாக ₹20,000 மானியத்துடனும் வழங்குவதாக அறிவித்துள்ளது.

சித்தூர் மாவட்டம் குப்பம் தொகுதியின் நடிமூரு கிராமத்தில் 2025 ஜனவரியில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். திருப்பதி மாவட்டத்தில் அவரது சொந்த ஊரான நாராவாரிப்பள்ளியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் சுமார் 1,600 வீடுகளில் தகடுகள் பொருத்தப்பட்டன. சொந்தக் கூரையுள்ள கிராமங்களில் விரைவாக முடிந்த இந்த வேலை, நெருக்கடியான நகரத் தெருக்களில் அதே வேகத்தில் நடக்காது.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 40 வீடுகள் தலா 1 கிலோவாட் தனித்தனியே பொருத்தினால் மொத்த மத்திய மானியம் ₹12 லட்சம். அதே 40 கிலோவாட்டைச் சங்கத்தின் பொதுப் பயன்பாடு என்ற வகையில் பெற்றால் ₹7.2 லட்சம் மட்டுமே. மெய்நிகர் அளவீட்டில் அமையும் நிலையங்களும் மானியத்துக்கு உரியவை என்று மத்திய வழிகாட்டுநெறிகள் கூறுகின்றன. அந்த விதி மாநில அளவில் எவ்வளவு எளிதாகச் செயல்படுகிறது என்பதைப் பொறுத்தே மாடியில்லாத குடும்பத்துக்கு நீதி கிடைக்கும்.

பராமரிப்பை எழுத்தில் வையுங்கள்

பீகாரின் தர்ணாய் கிராமத்தில் 2014-இல் 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பு பெரும் விளம்பரத்துடன் தொடங்கியது. சில ஆண்டுகளில் பொது மின்கட்டமைப்பின் மலிவான மின்சாரம் வந்தது, பேட்டரிகள் தேய்ந்தன, நிலையம் பயனற்றுப் போனது. தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கலாம். இன்வெர்ட்டரை ஏறத்தாழ 10 ஆண்டுகளில் மாற்ற நேரிடும். தூசி படிந்த தகட்டின் உற்பத்தி குறையும். துடைப்பது யார், மாற்றுச் செலவுக்கு மாதந்தோறும் எவ்வளவு சேமிப்பது, உறுப்பினர் ஊரை விட்டுச் சென்றால் அவர் பங்கு யாருக்கு, கட்டட உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் செல்லுமா என்பவற்றைத் தகடு வாங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

தனி வீட்டுக்காரர்கள் மத்திய அரசின் தேசிய இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான மாடி அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வு 15 நாட்களில் முடிய வேண்டும். 5 கிலோவாட் வரை இணைப்புக்காகக் கட்டமைப்பை வலுப்படுத்தும் செலவு மின்நிறுவனத்தைச் சேர்ந்தது. கூட்டாக அமைக்க விரும்புவோர், தங்கள் மின்மாற்றியின் திறனையும் அதில் ஏற்கெனவே இணைந்துள்ள சூரிய மின்திறனையும் பகிர்மான நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதிலிருந்து தொடங்கலாம். மத்திய மானியத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரை நடைமுறையில் இருக்கும்.