காஃபீன் நிறமாலை: ஐந்து கட்டளைகளுக்கு உரை

லாடெக்கில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ‘பிஜிஎஃப்பிளாட்ஸ்’ பழகிய பெயர். கிறிஸ்டியன் ஃபாயர்சேங்கர் உருவாக்கிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட வரைபடத் தொகுப்பு அது. அதைக்கொண்டு காஃபீனின் நிறை நிறமாலையை வரையும் கட்டளைகள் சிலவற்றை இங்கே மூலமாகக் கொள்கிறேன்.

ஆட்பிளாட் [ஒய்கோம்ப்]

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடிக்கோடுவரை ஒரு குச்சி இறக்கு என்பது பொருள். இதைச் சொல்லாமல் விட்டால் தொகுப்பு புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடும். அடுத்த கட்டளையில் வரும் 137, 194 என்ற உச்சங்களுக்கு நடுவே சரிவாக ஒரு கோடு ஓடும். 160இலும் ஏதோ அயனி பதிவானதாகப் படிக்கிறவர் எண்ணுவார். தரவில் அங்கே எதுவுமே இல்லை. கருவி தந்த தொடர் அலைவடிவத்தை அப்படியே வரைவதானால் இணைகோடு சரி. உச்சங்களாகச் சுருக்கிய பட்டியலுக்குக் குச்சிதான் நேர்மையான வடிவம்.

கோஆர்டினேட்ஸ் {(55, …) (82, …) (109, …) (137, …) (194, 100) (195, 10)}

மூலத்தின் உயிர் இந்த வரி. அடைப்புக்குள் முதலில் வருவது நிறை-மின்னூட்ட விகிதம், அடுத்தது உயரம். மிக உயர்ந்த உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். சில உயரங்களை இங்கே விட்டிருக்கிறேன். 194 என்பது ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த முழு மூலக்கூறு. பக்கத்திலுள்ள 195 மாசு அல்ல; காஃபீனின் 8 கார்பன்களில் ஒன்று கார்பன்-13ஆக இருக்கும் மூலக்கூறுகளே பெரும்பாலும் அங்கே விழுகின்றன. ஒரு கார்பனுக்கு 1.1 விழுக்காடு என்றால் எட்டுக்கு ஏறத்தாழ 9. நைட்ரஜனின் சிறு பங்கையும் சேர்த்தால் 10.

இனிக் கழித்துப் பாருங்கள். 194இலிருந்து 57 போனால் 137: மெத்தில் ஐசோசயனேட் கழன்றது. அதிலிருந்து 28 போனால் 109: கார்பன் மோனாக்சைடு. அடுத்து 27, மறுபடியும் 27: ஹைட்ரஜன் சயனைடு இருமுறை வெளியேறி 82, 55 கிடைக்கின்றன. ஒட்டிவைத்த படத்தில் இந்த எண்களைக் கண்ணால் ஊகிக்க வேண்டும். இங்கே அவை எழுத்தாகவே நிற்கின்றன.

நோட்ஸ் நியர் கோஆர்ட்ஸ், பாயின்ட் மெட்டா = எக்ஸ்

முதற்பகுதி ஒவ்வொரு குச்சியின் தலையிலும் எண்ணை எழுதும். ஆனால் தானாக எழுதுவது உயரத்தை. 194இன் தலையில் 100 என்று வந்து நிற்கும். வேதியியலாளருக்கு வேண்டியது நிறை. அதைத் தருவது இரண்டாம் பகுதி.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. எண்களைத் தொகுப்பு இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்திவிடும், 194.0804 என்பது 194.08 ஆகிவிடும். முழு எண் நிறைகளுக்குக் குறையில்லை. உயர் பிரிதிறன் தரவுக்கு இது பெருங்கேடு. மேலே சொன்ன 28, கார்பன் மோனாக்சைடு (27.9949) தானா, நைட்ரஜனா (28.0061)? இடைவெளி 0.0112 மட்டுமே. முழுமைப்படுத்திய இரண்டு உச்சங்களைக் கழித்தால் பிழையே 0.01 வரை போகும். ஆகவே எண் வடிவத்தில் ‘பிரிசிஷன் = 4’ என்று சேர்த்தே தீர வேண்டும்.

ஒய்மின் = 0

குச்சிகள் அச்சின்மேல் நிற்பதற்காக.

எக்ஸ்லேபிள் = எம்/இஸட்

சாய்வெழுத்தில், அலகு எதுவும் சேர்க்காமல். இரட்டை மின்னூட்டம் பெற்ற அயனி தன் நிறையில் பாதி இடத்தில் தோன்றும் என்பதால், இங்கே ‘நிறை’ என்று மட்டும் எழுதுவது தவறு.

கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது படத்தோடு இந்த வரிகளையும் இணைத்து அனுப்புங்கள். உங்கள் 109ஐ இன்னொருவர் கழித்துச் சரிபார்க்கட்டும்.