பெட்டாலிங் ஜெயா

மலேசியாவின் முதல் திட்டமிட்ட துணைநகரம். கோலாலம்பூரில் புறம்போக்குக் குடிசைகள் பெருகி இடநெருக்கடி முற்றவே, 1950களின் தொடக்கத்தில் நகருக்கு மேற்கே எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் சுமார் 1,200 ஏக்கரில் உருவாக்கப்பட்டது. பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதியில் பல தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பிரிவு எண்ணும் தெரு எண்ணும் சேர்ந்ததே முகவரி. கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் வளர்ந்தன. 2006 ஜூன் 20இல் மாநகர் தகுதி பெற்றது.

இந்நகர் வரலாறு பால்மரம் சீவிய தமிழரை விட்டு எழுதத்தக்கதன்று. எஃபிங்ஹாம், சீபோர்ட் தோட்டங்களில் லயங்களும் மரங்களும் மறைந்துவிட்டன. அப்பெயர்களைத் தாங்கி நிற்பவை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளே. தோட்டம் நகராகும் அதே மாற்றம், பந்திங் நகர் அமைந்துள்ள கோல லங்காட் மாவட்டத்தையும் இன்று எட்டியுள்ளது: சவுஜானா புத்ரா, ரிம்பாயு முதலிய புதுநகர்கள் அங்கு எழுந்துள்ளன.